‘உம்’ போட்டுப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைக் காவேரிப்பட்டணம் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே நோவு: பேரலலிசம். சிலர் ‘பேரலல் ஸ்ட்ரக்சர்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கில வாக்கியம் ஒன்றில் வரிசையாக அடுக்கும் சொற்கள் எல்லாம் ஒரே உருவத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, அவ்வளவுதான். கேட்டால் சின்ன விஷயம். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் கண்ணில் படாது. அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில்தான் கொடுத்திருக்கிறேன். கண்ணால் மேயாமல் வாய்விட்டுப் படியுங்கள். இந்த வகைத் தப்பு காதுக்குத்தான் சீக்கிரம் மாட்டும்.

பென்னாகரம் வாசகர், எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குப் படிப்பவர்:
ஐயா, மாதிரித் தேர்வில் ‘ஷி லைக்ஸ் குக்கிங், ஸ்டிச்சிங் அண்ட் டு ரீட் நாவல்ஸ்’ என்று ஒரு வாக்கியம் வந்தது. ‘டு ரீட்’ தப்பாம். ‘ஷி லைக்ஸ் டு ரீட்’ நல்ல ஆங்கிலம்தானே? தனியாகச் சரியாக இருப்பது கூட்டத்தில் எப்படித் தப்பாகும்? இதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்:
தம்பி, தனியாகச் சரி, கூட்டத்தில் தப்பு என்று நீயே சொல்லிவிட்டாய். இதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார். தமிழிலும் இரண்டு வழி உண்டு. ‘சமைக்கப் பிடிக்கும்’ என்றும் சொல்லலாம், ‘சமைப்பது பிடிக்கும்’ என்றும் சொல்லலாம். இப்போது இரண்டையும் கலந்து உம் போட்டுச் சொல்: ‘அவளுக்குச் சமைப்பதும் தைப்பதும் நாவல் படிக்கவும் பிடிக்கும்.’ நாக்கு தடுக்குகிறதா? உன்னை அறியாமல் ‘படிப்பதும்’ என்று திருத்திவிட்டாய் அல்லவா? யாரும் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

பள்ளிக்கூடத்தில் எண்ணும்மை என்று படித்தோமே, ‘இரவும் பகலும்’ என்று, அந்த உம் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் தனித்தனியாக ஒட்ட வேண்டும். ஒட்டும்போதே எது வேறு ஜாடையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்து ‘அண்ட்’ அப்படியில்லை. கடைசியில் ஒரே ஒரு தடவைதான் வரும், அதற்கு முன்னால் வெறும் கமா. அதனால் மூன்றாவது ஆள் வேறு சட்டையில் வந்து நின்றாலும் நம் கண் அவனை விட்டுவிடுகிறது. ‘குக்கிங், ஸ்டிச்சிங்’ என்று இரண்டு ‘இங்’ வந்துவிட்டது. மூன்றாவதும் ‘ரீடிங் நாவல்ஸ்’ என்று வர வேண்டும். மூன்றையுமே ‘டு குக், டு ஸ்டிச் அண்ட் டு ரீட்’ என்று மாற்றினாலும் சரிதான். கலப்படம்தான் கூடாது.

ஆனால் உம்மை மட்டும் நம்பி இறங்கிவிடாதே. நம் தாய்மொழியே நம்மைக் கவிழ்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. ‘அவன் நல்லவன், உழைப்பாளி, நன்றாகப் பாடுவான்.’ தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் தமிழுக்கு ‘இஸ்’ தேவையில்லை. மூன்றும் தனித்தனியாகவே முடிந்துவிடுகின்றன. இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனால் ‘ஹி இஸ் குட், ஹார்ட்வொர்க்கிங் அண்ட் சிங்ஸ் வெல்’ என்று வரும். இங்கே ‘ஹி இஸ்’ என்பது தண்டு, பின்னால் வருபவை கிளைகள். ஒவ்வொரு கிளையையும் தனியாகத் தண்டில் வைத்துப் படி. ‘ஹி இஸ் குட்’, சரி. ‘ஹி இஸ் ஹார்ட்வொர்க்கிங்’, சரி. ‘ஹி இஸ் சிங்ஸ் வெல்’... மாட்டிக்கொண்டதா? ‘ஹி இஸ் குட் அண்ட் ஹார்ட்வொர்க்கிங், அண்ட் ஹி சிங்ஸ் வெல்’ என்று பிரித்துவிட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பி.எட். முடித்த கையோடு ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பம் எழுதினேன். ‘ஐ ஆம் யங், சின்சியர் அண்ட் ஹேவ் எ பி.எட். டிகிரி.’ நேர்காணலில் தலைமையாசிரியர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பினார். ‘ஹேவ்’ மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம். “நடுவில் இருக்கிறதை மறைத்துவிட்டுப் படி” என்றார். படித்தேன்: ‘ஐ ஆம் ஹேவ் எ டிகிரி.’ ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டு வந்தவன் வாயிலிருந்து வருகிற வாக்கியமா அது! வேலை வேறொருவருக்குப் போயிற்று. அந்த வட்டம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆக இரண்டு சோதனை. தண்டில் ஒவ்வொன்றும் தனியாகப் பொருந்துகிறதா என்பது ஒன்று. பொருந்தினாலும் ஒரே உருவமா என்பது இன்னொன்று. நீ கேட்ட வாக்கியம் முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் விழுகிறது. என் விண்ணப்பம் முதல் சோதனையிலேயே விழுந்தது.

தேர்வுக்காக ஒரு குறுக்குவழியும் சொல்கிறேன். எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரி நிலைத் தேர்வான சி.ஜி.எல். முதல் கட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி. அதில் ஆங்கிலம் 25. ஒரு தப்புக்கு அரை மார்க் போகும். முழு வாக்கியத்தையும் மூன்று முறை படிக்க நேரமில்லை. ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ எங்கே என்று முதலில் தேடு. அதற்கு அடுத்து நிற்கிற சொல்லைப் பார். பிறகு பின்னோக்கிப் போய், அதற்கு ஜோடி யார் என்று பார். கேள்வி தயாரிப்பவர்கள் வம்பைப் பெரும்பாலும் கடைசி ஆளிடம்தான் ஒளித்துவைப்பார்கள். வாக்கியத்தில் ஒரு பகுதிக்கு அடிக்கோடு போட்டுத் திருத்தச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அங்கே அடிக்கோடு இல்லாத பகுதியை நீ தொட முடியாது. அதன் உருவத்துக்குத்தான் மற்றதை மாற்ற வேண்டும்.

கம்பைநல்லூர் வாசகி, ஆசிரியர் பயிற்சி மாணவி:
‘டு’ ஒருமுறை வந்தால் எல்லா வெர்புக்கும் முன்னால் ‘டு’ போட்டே ஆக வேண்டும் என்கிறார் எங்கள் வகுப்புத் தோழி. அது கட்டாயமா ஐயா?

பதில்:
இல்லைம்மா. உங்கள் தோழியைத் திட்டாதீர்கள். நானே பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் ‘ஐ வான்ட் டு ஸ்டடி, வொர்க் அண்ட் ஹெல்ப் மை பேரன்ட்ஸ்’ என்று எழுதியிருந்தாள். தப்பு என்று கோடு போட்டேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்துவிட்டாள். “சார், எங்க அப்பா பஸ்ஸில் எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தா, நாங்க தனித்தனியா எடுக்கணுமா?” என்று கேட்டாள். பக்கத்து மேசைக் கணக்கு வாத்தியார் சிரித்தே விட்டார். வீட்டுக்குப் போய் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் அதே சிவப்புப் பேனாவால் என் கோட்டை அடித்துவிட்டு மார்க் போட்டேன்.

அன்றிலிருந்து நான் சொல்லிக்கொடுப்பது அவளுடைய டிக்கெட் கணக்குதான். ஒருவர் எல்லோருக்கும் எடுக்கலாம்: ‘டு ஸ்டடி, வொர்க் அண்ட் ஹெல்ப்.’ அவரவர் தனித்தனியாக எடுக்கலாம்: ‘டு ஸ்டடி, டு வொர்க் அண்ட் டு ஹெல்ப்.’ முதல் இரண்டு பேர் தனித்தனியாக எடுத்துவிட்டு, மூன்றாமவர் யாரோ எடுத்திருப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தால்தான் செக்கரிடம் மாட்டுவார்: ‘டு ஸ்டடி, டு வொர்க் அண்ட் ஹெல்ப்.’

‘இன்’, ‘ஆஃப்’, ‘ஃபார்’ போன்ற சொற்களுக்கும் இதே டிக்கெட்தான். ‘இன் தர்மபுரி, அரூர் அண்ட் பாலக்கோடு’ சரி. ‘இன் தர்மபுரி, இன் அரூர் அண்ட் இன் பாலக்கோடு’ கொஞ்சம் நீளம், ஆனாலும் சரி. ‘இன் தர்மபுரி, அரூர் அண்ட் இன் பாலக்கோடு’ ஆகாது.

அரூர் வாசகர், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தந்தை:
என் மகள் அரசியலமைப்பு முகப்புரையை மனப்பாடம் செய்கிறாள். ‘லிபர்ட்டி’ வரியில் ‘ஆஃப்’ ஒருமுறைதான் வருகிறது. அடுத்த ‘ஈக்வாலிட்டி’ வரியில் இரண்டு முறை. எது சரி என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

பதில்:
உங்கள் மகளுக்கு நல்ல கண்! ‘லிபர்ட்டி ஆஃப் தாட், எக்ஸ்பிரஷன், பிலீஃப், ஃபெய்த் அண்ட் வொர்ஷிப்.’ இங்கே ஒரே ‘ஆஃப்’ ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டது. ‘ஈக்வாலிட்டி ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சுனிட்டி.’ இங்கே இரண்டு பேரும் தனித்தனியாக எடுத்திருக்கிறார்கள். இரண்டும் சரி. இரண்டாவது ‘ஆஃப்’ இல்லாமலும் இலக்கணம் கெடாது. ஆனால் அது இருப்பதால் தகுதியில் சமத்துவம் வேறு, வாய்ப்பில் சமத்துவம் வேறு என்று இரண்டும் தனியாகக் காதில் விழுகின்றன. எனக்கு அந்த இரண்டாவது ‘ஆஃப்’ மேல் தனிப் பிரியம் உண்டு. வாசலில் காத்திருக்கிறவனை மறக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

மகளிடம் இன்னொன்றும் காட்டுங்கள். 1949 நவம்பர் 26-ல் ஏற்றுக்கொண்ட முகப்புரையில் ‘சாவரின் டெமாக்ரட்டிக் ரிபப்ளிக்’ என்றுதான் இருந்தது. 1976-ல் 42-வது திருத்தம் ‘சோஷலிஸ்ட்’, ‘செக்யூலர்’ என்ற இரண்டு சொற்களை நடுவில் நுழைத்தது. ‘சாவரின் சோஷலிஸ்ட் செக்யூலர் டெமாக்ரட்டிக் ரிபப்ளிக்.’ எங்கே வெட்டி எங்கே ஒட்டினார்கள் என்று படிக்கிறவருக்குத் தெரிகிறதா? தெரியாது. பழையவை இரண்டும் அட்ஜெக்டிவ், புதியவையும் அட்ஜெக்டிவ். தையல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டன. அதே திருத்தத்தில் ‘யூனிட்டி ஆஃப் த நேஷன்’ என்பது ‘யூனிட்டி அண்ட் இன்டெக்ரிட்டி ஆஃப் த நேஷன்’ ஆயிற்று. நவுனுக்குப் பக்கத்தில் நவுன்.

லிங்கன் 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் பேசியதும் ஆங்கிலப் பாடத்தில் எங்காவது வரும். ‘ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்.’ மூன்றிலும் மாறுவது முதல் சின்னச் சொல் மட்டும்தான். அதனால்தான் ஒருமுறை கேட்டாலே மனப்பாடம் ஆகிவிடுகிறது.

தேன்கனிக்கோட்டை வாசகர்:
‘ஹி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தெலுகு பட் ஆல்சோ கன்னடா.’ எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டும் பேசுவார், தமிழும் பேசுவார். வாக்கியத்தில் மட்டும் என்ன குறை?

பதில்:
உங்கள் பக்கத்துக்காரர்கள் மூன்று மொழியையும் ஒரே மூச்சில் பேசுவதைப் பார்த்து எனக்கு எப்போதும் பொறாமை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘நாட் ஒன்லி’யும் ‘பட் ஆல்சோ’வும் ஒரு தராசின் இரண்டு தட்டுகள். முதல் தட்டில் என்ன இருக்கிறது? ‘ஸ்பீக்ஸ் தெலுகு.’ இரண்டாவதில்? வெறும் ‘கன்னடா.’ ஒரு பக்கம் வெர்பும் மொழியும், மறுபக்கம் மொழி மட்டும்.

மாங்காய் சீசனில் மண்டிக்குப் போயிருந்தால் தெரியும். ஒரு லோடைக் கிரேட்டோடு, அதாவது பழப்பெட்டியோடு, எடை போட்டுவிட்டு, இன்னொன்றைக் கிரேட் இல்லாமல் நிறுத்தால் சண்டைதான் வரும். இங்கே ‘ஸ்பீக்ஸ்’ என்பதுதான் கிரேட். ஒன்று, இரண்டு பக்கமும் கிரேட்டோடு நிறுங்கள்: ‘ஹி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தெலுகு பட் ஆல்சோ ஸ்பீக்ஸ் கன்னடா.’ அல்லது கிரேட்டை முதலிலேயே இறக்கி வெளியே வையுங்கள்: ‘ஹி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தெலுகு பட் ஆல்சோ கன்னடா.’ இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ‘தெலுங்கு மட்டுமல்ல, கன்னடமும் பேசுவார்’ என்று தமிழில் நாம் சொல்வதும் இப்படித்தானே? பேசுவார் என்பதை யாரும் இரண்டு தடவை சொல்வதில்லை.

‘ஐதர்–ஆர்’, ‘நைதர்–நார்’, ‘போத்–அண்ட்’ எல்லாவற்றுக்கும் இதே தராசு. ‘போத்’ வந்தால் அதற்கு ஜோடி ‘அண்ட்’ மட்டும்தான். ‘போத் தெலுகு ஆஸ் வெல் ஆஸ் கன்னடா’ என்று தேர்வில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தப்பு என்று போடுங்கள்.

சந்தூர் வாசகர், மாந்தோப்பு வைத்திருப்பவர்:
மகனுடைய கட்டுரையில் ‘த மேங்கோஸ் ஆஃப் கிருஷ்ணகிரி ஆர் ஸ்வீட்டர் தேன் சேலம்’ என்று எழுதியிருந்தான். வாத்தியார் சுழித்துவிட்டார். உள்ளதைத்தானே எழுதினான்?

பதில்:
உள்ளதைத்தான் எழுதினான், அதில் நானும் அவன் கட்சி. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் 1965 வரை சேலத்துக்குள்தானே இருந்தன. நம் தோட்டத்துப் பழமும் சேலத்து மாம்பழம் என்று பெயர் வாங்கியது என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். அந்த வழக்கு தனி. வாக்கியம் என்ன சொல்கிறது? கிருஷ்ணகிரி மாம்பழம் சேலத்தைவிட இனிப்பு என்கிறது. பழத்தை ஊரோடு ஒப்பிட்டுவிட்டான். சேலத்தை யார் கடித்துப் பார்த்தது?

பழத்துக்கு எதிரே பழம் நிற்க வேண்டும். ‘மேங்கோஸ்’ என்று திரும்பச் சொல்லாமல் ‘தோஸ்’ என்று வைத்தால் போதும்: ‘ஸ்வீட்டர் தேன் தோஸ் ஆஃப் சேலம்.’ ஒருமையாக இருந்தால் ‘தட்’: ‘த பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ் இன் பாலக்கோடு இஸ் லோயர் தேன் தட் இன் சென்னை.’ விலைக்கு எதிரே விலை. ஒப்பீட்டில் வருகிற பேரலலிசம் இதுதான். பட்டியல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இது தெரியாது, அதனால் கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ‘தேன்’ என்று வந்தாலே நின்று, எதை எதோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். (தமிழில் எழுதினால் அந்தச் சொல்லே இனிக்கிறது, பாருங்கள்.)

ஓசூர் வாசகி, தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை செய்பவர்:
மெஷின் பக்கத்தில் ஒட்டுவதற்கு நான் எழுதிக் கொடுத்தது இது: ‘ஸ்விட்ச் ஆஃப் த மெஷின். யூ ஷுட் வேர் கிளவுஸ். கிளீனிங் ஆஃப் த ட்ரே. த லாக் புக் இஸ் டு பி ஃபில்ட்.’ மேனேஜர் ‘நாட் பேரலல்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு வரியும் தனி வாக்கியம்தானே? நடுவில் ‘அண்ட்’ கூட இல்லையே?

பதில்:
‘அண்ட்’ இல்லாவிட்டாலும் அது பட்டியல்தானே அம்மா. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாலே கண் அதை வரிசையாகத்தான் படிக்கும். உங்கள் முதல் வரி கட்டளை. இரண்டாவது புத்திமதி. மூன்றாவது வெறும் தலைப்பு, அங்கே யார் என்ன செய்ய வேண்டும் என்றே இல்லை. நான்காவது சர்க்கார் உத்தரவு மாதிரி இருக்கிறது. தமிழில் எழுதினால் ‘மெஷினை நிறுத்து. நீ கையுறை அணிய வேண்டும். தட்டைச் சுத்தம் செய்தல். பதிவேடு நிரப்பப்பட வேண்டும்’ என்று வரும். நாலு பேர் நாலு திசையிலிருந்து கத்துகிற மாதிரி இல்லையா?

எல்லாவற்றையும் கட்டளையாகவே வையுங்கள். ‘ஸ்விட்ச் ஆஃப் த மெஷின். வேர் கிளவுஸ். கிளீன் த ட்ரே. ஃபில் இன் த லாக் புக்.’ ஒவ்வொரு வரியும் செய்ய வேண்டிய வேலையின் பெயரோடு தொடங்குகிறது. ஓசூர் ஷிஃப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நாலு வீட்டுப் பாஷைக்காரர்கள் நிற்பார்கள். ஆங்கிலம் எல்லோருக்கும் இரவல்தான். முதல் சொல்லைப் பார்த்தே வேலை புரிந்துவிட வேண்டும். எழுதும்போதே இன்னொன்று உறுத்துகிறது. கையுறையை எப்போது போட வேண்டும் என்று மெஷின்காரரையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அது இலக்கணம் இல்லை, விரல் சமாசாரம்.

பயோடேட்டாவுக்கும் இதேதான். பழைய வேலையைப் பற்றி எழுதும்போது ‘செக்ட்’, ‘மெயின்டெய்ன்ட்’, ‘ட்ரெய்ன்ட்’ என்று ஆரம்பித்தால் கடைசி வரை அப்படியே போக வேண்டும். நடுவில் ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று ஒன்று புகுந்தால் அங்கே தடுக்கும்.

இராயக்கோட்டை வாசகர், தக்காளி வியாபாரி:
பெங்களூருக்காரனிடம் நான் பேசுகிற இங்கிலீஷ் அவனுக்குப் புரிகிறது, பணமும் வருகிறது. இந்தப் பேரலலிசம் இல்லாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்?

பதில்:
ஒரு நஷ்டமும் இல்லை. பேச்சில் கை இருக்கிறது, முகம் இருக்கிறது, புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். எழுத்தில்தான் ஆள் பக்கத்தில் இல்லை. ஓர் அலுவலகத்து வாசலில் இப்படி ஒரு போர்டு பார்த்தேன்: ‘பிரிங் யுவர் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு அண்ட் சைன் த ரெஜிஸ்டர்.’ கூட வந்த பக்கத்து வீட்டுப் பையன், “தாத்தா, மூணாவது கார்டு எது?” என்று கேட்டான். இரண்டு கார்டு வந்ததும் மூன்றாவதையும் கார்டாகவே எதிர்பார்த்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. ‘பிரிங் யுவர் ரேஷன் கார்டு அண்ட் ஆதார் கார்டு, அண்ட் சைன் த ரெஜிஸ்டர்’ என்று இன்னொரு ‘அண்ட்’ போட்டிருந்தால் தீர்ந்தது. கொண்டுவர வேண்டியவை இரண்டு, செய்ய வேண்டியது ஒன்று. நீங்கள் பேச்சிலேயே வியாபாரம் நடத்துங்கள். ஆர்டரை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும்போது மட்டும் இந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாரப்பட்டி வாசகி:
‘த விமன் சாட் அண்டர் த ட்ரீ, சிங்கிங் ஓல்ட் சாங்ஸ், அண்ட் கிளீன்ட் த டாமரின்ட்.’ நடுவில் ‘சிங்கிங்’ இருப்பதால் தப்பு என்று போட்டேன். விடையில் சரி என்று இருக்கிறது.

பதில்:
விடை சரிதான். புளி சீசனில் எங்கள் அம்மா நாலு பேரோடு உட்கார்ந்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார். வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். கூலி புளிக்குத்தான், பாட்டுக்கு இல்லை. உங்கள் வாக்கியத்திலும் கணக்கு அதேதான். வேலைகள் இரண்டு: ‘சாட்’, ‘கிளீன்ட்.’ இரண்டும் இறந்தகாலம், இரண்டும் ‘அண்ட்’டின் இரு பக்கம். ‘சிங்கிங்’ என்பது உட்கார்ந்த விதத்தைச் சொல்லுகிற பக்கவாத்தியம். வரிசையில் அதற்கு இடமே இல்லை. ‘பாடிக்கொண்டே’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அதில் உம் ஒட்டாது.

ஆகவே ‘இங்’ எங்கே தெரிந்தாலும் தடி எடுக்காதீர்கள். வரிசையில் நிற்கிறதா, சும்மா கூட வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பர்கூர் வாசகர்:
‘ரெஸ்பெக்டிவ்லி’ என்ற சொல்லும் பேரலலிசம்தானா?

பதில்:
தூரத்துச் சொந்தம். ‘அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது’ என்று படித்தோமே, அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று முறையாகச் சேர்க்கிற நிரல்நிறை. அந்த வேலையைத்தான் ‘ரெஸ்பெக்டிவ்லி’ (முறையே) செய்கிறது. இந்தப் பக்கம் இரண்டு இருந்தால் அந்தப் பக்கமும் இரண்டு இருக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது.

தர்மபுரி வாசகி, பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருப்பவர்:
போன இதழ்ப் பதிலின் கடைசியில் நீங்கள் எழுதியது: ‘ரீட் டெய்லி, ரைட் டெய்லி அண்ட் யூ ஷுட் ஸ்பீக் டெய்லி.’ இது பேரலலா சார்?

பதில்:
இல்லை. ‘ஸ்பீக் டெய்லி’ என்று இருந்திருக்க வேண்டும். இதழ் வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, பேசாமல் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் இரண்டாவது ஆள்.